எண் பொருந்தியது, அதனால் என்ன?

2024 ஜூலை 1 முதல் நம் நீதிமன்ற வளாகங்களில் ஒரு புது நம்பிக்கை குடியேறிவிட்டது. போனில் எடுத்த வீடியோவோ, பென்டிரைவில் வந்த சிசிடிவி பதிவோ, வாட்ஸ்அப்பில் வந்த குரல் செய்தியோ, எதுவானாலும் அதனோடு எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு நீண்ட வரிசையைச் சேர்த்துவிட்டால் போதும், அது அசைக்க முடியாத சாட்சியம் ஆகிவிடும் என்பது அந்த நம்பிக்கை. அந்த வரிசைக்கு ஹாஷ் மதிப்பு என்று பெயர். “ஹாஷ் பொருந்திடுச்சு, இனி ஒண்ணும் பேச முடியாது” என்கிறார்கள் வக்கீல்கள், குமாஸ்தாக்கள், சான்றிதழ் டைப் அடித்துக் கொடுக்கும் கடைக்காரர்கள். கட்சிக்காரரும் அதை நம்பி வீட்டுக்குப் போகிறார். இது தவறு. தவறு என்பதோடு நிற்கவில்லை, ஒரு மனிதரைச் சிறைக்கு அனுப்பவோ, குற்றவாளியைத் தப்பவிடவோ போதுமான அளவுக்கு ஆபத்தான தவறு.

சட்டம் கேட்டதில் பிழை இல்லை. பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் அந்தத் தேதி முதல் வந்திருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, நான்காம் உட்பிரிவில் மின்னணுப் பதிவு ஒவ்வொன்றோடும் ஒரு சான்றிதழ் கேட்கிறது. அட்டவணையில் உள்ள படிவத்துக்கு இரண்டு பகுதிகள். முதல் பகுதியைப் பதிவைத் தாக்கல் செய்பவர் நிரப்ப வேண்டும், இரண்டாவதை நிபுணர் நிரப்ப வேண்டும். எஸ்.எச்.ஏ.1, எஸ்.எச்.ஏ.256, எம்.டி.5 அல்லது வேறு எந்த முறையில் ஹாஷ் எடுத்தார்கள் என்று குறித்து, அந்த மதிப்பையும் எழுதி, அறிக்கையையும் இணைக்க வேண்டும். பழைய சட்டத்தின் 65பி பிரிவில் இப்படி ஒரு கட்டாயம் கிடையாது. 2014-இல் அன்வர் எதிர் பஷீர் என்ற கேரளத் தேர்தல் வழக்கில், சான்றிதழ் இல்லாமல் வந்த சிடிக்களை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கில் அதே நிலைப்பாட்டை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்புகள் கேட்ட சான்றிதழ்களில்கூட ஹாஷ் என்ற சொல்லுக்கு வேலை இல்லை. ஆக, புதிய படிவம் ஒரு முன்னேற்றம்தான். என் சண்டை படிவத்தோடு அல்ல, அதைப் பார்த்ததும் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிற மனப்பான்மையோடு.

உச்சிப்புளி போன்ற ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேச வேண்டிய காரணம் இருக்கிறது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டு கடலுக்கும் இடையே ஒடுங்கிய இந்த நிலத்தில், இப்போது வழக்கு என்றாலே போன் வீடியோ உள்ளே வந்துவிடுகிறது. 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கும் கடல் அட்டை, வேதாளைப் பக்கமோ மரைக்காயர்பட்டினம் பக்கமோ பிடிபட்டால், பிடித்த காட்சி வீடியோவாகிறது. போலீஸ் சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவே சொல்கிறது. நடுக்கடலில் படகை மறித்தார்கள், வலையை அறுத்தார்கள் என்று மீனவர் காட்டுவதும் போன் வீடியோதான். மனை எல்லைத் தகராறா, பக்கத்துக் கடையின் சிசிடிவி வருகிறது. இவை எல்லாவற்றின் நெற்றியிலும் இனி ஹாஷ் எண் ஒட்டியிருக்கும். அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது என்பது கடலோரத்தில் பிழைக்கும் மனிதருக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஹாஷ் என்பது ஒரு கணக்கு. எவ்வளவு பெரிய கோப்பையும் அதற்குள் கொடுக்கலாம், வெளியே வருவது எப்போதும் ஒரே நீளம். எம்.டி.5 என்றால் 128 பிட், அதாவது 32 இலக்கம். எஸ்.எச்.ஏ.1 என்றால் 160 பிட், 40 இலக்கம். எஸ்.எச்.ஏ.256 என்றால் 64 இலக்கம். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் விடை அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிடும். விடையிலிருந்து கோப்பைத் திரும்ப உருவாக்கவும் முடியாது. இவ்வளவுதான் அதன் வேலை. இரண்டு நேரங்களில் கணக்கிட்ட இரண்டு எண்கள் ஒன்றாக இருந்தால், அந்த இரண்டு நேரத்துக்கும் இடையே பைட்டுகள் மாறவில்லை என்று சொல்லலாம். முதல் எண் எடுக்கப்படுவதற்கு முன்னால் அந்தக் கோப்புக்கு என்ன நடந்தது என்பதைப் பற்றி அது வாயே திறக்காது. ஏலக்கூடத்தில் கொடுக்கும் எடைச்சீட்டு கூடையில் எத்தனை கிலோ என்று சொல்லும், மீன் எந்தக் கடலில் பிடிபட்டது என்று சொல்லாது.

இப்போது படிவத்தைத் திரும்பப் பாருங்கள். வெட்டி ஒட்டிய ஒரு வீடியோவை ஒருவர் கொண்டுவருகிறார். வெட்டி ஒட்டிய பிறகு ஹாஷ் எடுக்கிறார், முதல் பகுதியில் எழுதுகிறார். நிபுணர் அதே கோப்பை வாங்கி அதே கணக்கைப் போடுகிறார். எண் பொருந்துகிறது. பொருந்தாமல் எப்படி இருக்கும்? இருவரும் ஒரே கோப்பைத்தான் பார்த்தார்கள் என்பதற்கு மேல் அங்கே எதுவும் நிரூபணமாகவில்லை. படிவத்தின் அடியில் தேதி, நேரம், இடம் எழுதக் கோடு போட்டிருக்கிறார்கள். அது கையெழுத்துப் போட்ட நேரம். ஹாஷ் எடுத்த நேரத்துக்கும், பதிவு உருவான நேரத்துக்கும், இந்த இரண்டுக்கும் நடுவில் கோப்பு யார் கையில் இருந்தது என்பதற்கும் அதில் விடை இல்லை.

இது வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. பீமா கோரேகாவ் வழக்கில் குற்றம்சாட்டப்பட்ட ரோனா வில்சனின் கணினி 2018 ஏப்ரலில் கைப்பற்றப்பட்டது. அதன் மின்னணுப் பிரதியை ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் 2021 பிப்ரவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. வேவு மென்பொருள் ஒன்று ஏறத்தாழ 22 மாதங்கள் அந்தக் கணினிக்குள் இருந்து, குற்றம்சாட்டும் ஆவணங்களை உள்ளே வைத்தது என்றது அது. தேசியப் புலனாய்வு முகமை அந்த முடிவை ஏற்கவில்லை. யார் சொல்வது சரி என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. நாம் பார்க்க வேண்டியது வேறு. அறிக்கை சொல்வது முழுக்க உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், கைப்பற்றிய பிறகு எடுத்த ஹாஷ் எண் அப்பழுக்கில்லாமல் பொருந்தும். உள்ளே வைக்கப்பட்ட ஆவணத்தையும் உரியவர் தட்டெழுதிய ஆவணத்தையும் அந்தக் கணக்கு ஒன்றாகவே பார்க்கும். எண் பொருந்தியது என்பதாலேயே ஆவணம் அவருடையதுதான் என்று முடிவுகட்டுகிறவர், கணக்கு சொல்லாத ஒன்றைத் தானே சொல்லிக்கொள்கிறார்.

இதன் வேர் எங்கே என்று பார்க்க, ஹாஷ் கணக்கிடும் மென்பொருளின் உள்ளே போக வேண்டும். உதாரணமாக நான் எடுத்துக்கொள்வது டிசிஎல். 1988-இல் பெர்க்லியில் ஜான் ஆஸ்டர்ஹௌட் உருவாக்கிய எளிய ஸ்கிரிப்ட் மொழி. அதில் கோப்பு, நெட்வொர்க் இணைப்பு, இன்னொரு நிரலின் வெளியீடு எல்லாமே ‘சேனல்’ என்ற ஒரே உருவத்தில் வரும், ஒரே கட்டளையால் படிக்கலாம். இந்த மொழிக்கு ஆண்ட்ரியாஸ் குப்ரீஸ் எழுதிய டிஆர்எஃப் என்ற நீட்சியில் ஹாஷ் கணக்கை ஒரு சேனலின் மேலேயே பொருத்திவிடும் வசதி உண்டு. சேனல் வழியாகப் போவதை எல்லாம் அது தானாகவே கணக்கில் சேர்த்துக்கொள்ளும். அதில் ஒரு முறை இருக்கிறது. எழுதும்போது, சேனலை மூடுகிற நேரத்தில் ஹாஷ் எண்ணைத் தரவின் வாலில் தானே ஒட்டிவிடும். படிக்கும்போது, வாலில் இருக்கும் எண்ணையும் தான் கணக்கிட்ட எண்ணையும் ஒப்பிட்டு, சரியா தவறா என்று ஒரு மாறியில் சொல்லும். அழகான வேலை. கம்பியில் ஏற்பட்ட இரைச்சலால், கெட்டுப்போன வட்டால் பைட்டுகள் சிதைந்தால் உடனே பிடித்துவிடும்.

ஆனால் தரவும் அதன் ஹாஷும் ஒரே கோப்பில், ஒரே குழாயில் வருகின்றன. தரவைத் திருத்தக் கை நீட்ட முடிந்தவருக்கு வாலில் இருக்கும் எண்ணைத் திருத்த அரை நொடி போதும். திருத்தியதற்கு ஏற்ற புது எண்ணை அதே கட்டளையை வைத்தே போட்டு ஒட்டிவிடலாம். சோதனை ‘சரி’ என்றே சொல்லும். விபத்தைப் பிடிக்கச் செய்த கருவி அது, வஞ்சகத்தைப் பிடிக்க அல்ல. வஞ்சகத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் எண்ணுக்குள் ஒரு ரகசியச் சாவியைக் கலக்கும் எச்மேக் முறையோ, மின்னணுக் கையொப்பமோ வேண்டும். எதுவும் இல்லை என்றால், அந்த எண்ணாவது எதிராளியின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். பென்டிரைவுக்குள் வீடியோவை வைத்து, அதன் பக்கத்திலேயே ஹாஷ் எழுதிய ஒரு சிறு கோப்பையும் வைத்து, “எல்லாம் பத்திரம்” என்று உறையில் போட்டு ஒட்டுகிறார்கள். எந்தப் பத்திரமும் இல்லை.

அடுத்தது, கணக்கு உண்மையில் முழுக் கோப்பின் மேல்தான் நடந்ததா என்பது. இதை யாரும் கேட்பதே இல்லை. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான், ஏனென்றால் இதில் யாரும் பொய் சொல்ல வேண்டிய தேவைகூட இல்லை. டிசிஎல்லின் 8-ஆம் பதிப்புகளில் விண்டோஸில் ஒரு கோப்பைச் சாதாரணமாகத் திறந்தால், மொழி அதை எழுத்துக் கோப்பு என்று எடுத்துக்கொள்ளும். வரி முடிவைக் குறிக்க விண்டோஸ் வைக்கும் இரண்டு பைட்டுகளை ஒன்றாக்கிவிடும். இன்னும் மோசம், 26 என்ற மதிப்புள்ள பைட்டைக் கண்டதும் கோப்பு முடிந்துவிட்டது என்று படிப்பதை நிறுத்திவிடும். பழைய டாஸ் காலத்து வழக்கம் அது. வீடியோ என்பது கலவையான பைட்டுகளின் பெருங்குவியல், அதில் 26 என்ற பைட் சராசரியாக 256 பைட்டுகளுக்கு ஒருமுறை தலைகாட்டும். ஆகவே, சேனலை பைனரி முறைக்கு மாற்றாமல் ஹாஷ் போட்டால், பல மெகாபைட் வீடியோவின் முதல் சில நூறு பைட்டுகளுக்கு மட்டும் கணக்கு நடக்கும். எந்த எச்சரிக்கையும் வராது. 64 இலக்கமும் கம்பீரமாக வந்து நிற்கும். அதற்குப் பிறகு வீடியோவின் கடைசி ஐந்து நிமிடத்தை வெட்டி எறிந்தாலும் எண் பொருந்திக்கொண்டே இருக்கும்!

நல்ல மென்பொருள் நூலகங்களில் கோப்பின் பெயரைக் கொடுத்தால் அவையே பைனரி முறைக்கு மாற்றிக்கொள்ளும். தானே சேனலைத் திறந்து, அதை ஹாஷ் கட்டளைக்குக் கொடுக்கிறவர்தான் வழுக்குகிறார். இன்னொரு வழுக்கல்: ஏற்கெனவே கடைசிவரை படித்து முடித்த சேனலைத் திரும்பத் தொடக்கத்துக்கு நகர்த்தாமல் ஹாஷ் கேட்டால், மீதி ஒன்றுமில்லை, ஆகவே வெறுமையின் ஹாஷ் வரும். வெறுமைக்கும் ஹாஷ் உண்டு. எம்.டி.5-இல் அது டி41டி8சிடி9 என்று தொடங்கும், எஸ்.எச்.ஏ.1-இல் டிஏ39ஏ3இஇ என்று, எஸ்.எச்.ஏ.256-இல் இ3பி0சி442 என்று. உலகத்தில் எந்தக் கணினியில் போட்டாலும் இதே. இந்தத் தொடக்கங்களை ஒவ்வொரு வக்கீலும் குமாஸ்தாவும் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். சான்றிதழில் இவற்றில் ஒன்று இருந்தால், அந்த எண் ஒன்றுமில்லாததற்கு எடுத்தது. இரண்டு வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே எண் எழுதியிருந்தாலும் அதே சந்தேகம் வர வேண்டும்.

எம்.டி.5 பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் படிவம் அதை இன்னும் எஸ்.எச்.ஏ.256-க்குச் சமமாக உட்கார வைத்திருக்கிறது. ரொனால்ட் ரிவெஸ்ட் 1991-இல் வடிவமைத்த கணக்கு அது. 2004 ஆகஸ்டில் சீனாவின் ஷியாவ்யூன் வாங்கும் அவருடைய சகாக்களும், வெவ்வேறான இரண்டு தரவுகளுக்கு ஒரே எம்.டி.5 எண் வரும்படி செய்து காட்டினார்கள். இன்று ஒரு சாதாரணக் கணினியில் அது சில நொடி வேலை. 2012-இல் அம்பலமான ஃப்ளேம் என்ற வேவு மென்பொருள், இதே ஓட்டையைப் பயன்படுத்தித்தான் மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்டது போலத் தன்னைக் காட்டிக்கொண்டது. எஸ்.எச்.ஏ.1-உம் தப்பவில்லை. 2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வு மையமும் கூகுளும் சேர்ந்து, ஒரே எஸ்.எச்.ஏ.1 எண் கொண்ட இரண்டு வேறு பி.டி.எஃப். கோப்புகளை வெளியிட்டார்கள். 2030 டிசம்பர் 31-க்குள் எஸ்.எச்.ஏ.1-ஐக் கைவிடச் சொல்லி அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2022-இல் அறிவித்துவிட்டது.

எம்.டி.5-க்காக வாதாடுபவர்களிடம் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். வேறொருவர் ஏற்கெனவே உருவாக்கிவிட்ட கோப்பை எடுத்து, அதே எண் வரும் இன்னொரு கோப்பைச் செய்வது இன்றும் நடைமுறையில் முடியாத காரியம். உடைந்திருப்பது வேறு கதவு. இரண்டு கோப்புகளையும் ஒருவரே தயாரித்தால், இரண்டுக்கும் ஒரே எண் வரும்படி அமைக்கலாம். அதாவது, கோப்பைத் தயாரித்தவர் மேலேயே சந்தேகம் இருக்கும்போது எம்.டி.5 பயன்படாது. வழக்கில் பதிவைக் கொண்டுவருபவர் பெரும்பாலும் அதைத் தயாரித்தவரேதான். ஒன்றை இன்று காட்டி எண் பதிந்துவிட்டு, தேவைப்படும்போது மற்றொன்றை நீட்ட ஒருவருக்கு வழி திறந்திருக்கிறது. எஸ்.எச்.ஏ.256 இலவசமாக, எல்லாக் கணினியிலும் கிடைக்கும்போது இந்த வழியை ஏன் திறந்து வைத்திருக்க வேண்டும்?

நம்பிக்கையின் மறுபக்கமும் இதே அளவுக்குக் கெடுதல் செய்கிறது. எண் பொருந்தவில்லை என்றால் எவனோ கைவைத்துவிட்டான் என்று முடிவு செய்வது. மீனவர் போனில் எடுத்த வீடியோவை முதலில் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். வாட்ஸ்அப் அதைச் சுருக்கி அனுப்புகிறது. குழுவிலிருந்து இறக்கியதற்கும் போனில் இருக்கும் மூலத்துக்கும் ஹாஷ் பொருந்தவே பொருந்தாது. யாரும் எதையும் திருத்தவில்லை. வீடியோவாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்பியிருந்தால் பைட்டுகள் அப்படியே போயிருக்கும், எண்ணும் பொருந்தியிருக்கும். கோப்பின் பெயரை மாற்றினால் ஹாஷ் மாறாது, படத்தைத் திருப்பிச் சேமித்தால் மாறிவிடும். கைப்பற்றிய ஹார்டு டிஸ்க்கை எழுத்துத் தடுப்புக் கருவி இல்லாமல் சாதாரணக் கணினியில் செருகினாலே, கணினி தன் பாட்டுக்கு ஏதேனும் எழுதிவைக்கும், முழு வட்டின் ஹாஷ் மாறிவிடும். இதையெல்லாம் விளக்கத் தெரியாத சாட்சியைக் கூண்டில் நிறுத்தி, “எண் ஏன் மாறியது?” என்று கேட்டால், உண்மை பேசுபவர் பொய்யராகத் தெரிவார்.

தமிழ் ஆவணங்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. ‘கொடி’ என்று தட்டுகிறோம். அதில் ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதி வைக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று, ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியாகச் சேர்ப்பது இன்னொன்று. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். முதல் வகையில் 6, இரண்டாம் வகையில் 9. திரையில் இரண்டும் ஒன்று, அச்சில் ஒன்று, படிப்பவர் கண்ணுக்கு ஒன்று. ஹாஷுக்கு மட்டும் அவை இரண்டு வேறு கோப்புகள். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டும்போது ஒரு வகை மற்றொன்றாக மாறிவிடக்கூடும். கிரயப் பத்திரத்தின் தட்டச்சுப் பிரதியோ, வாக்குமூலத்தின் எழுத்து வடிவமோ இப்படி மாறி நின்றால், ஓர் எழுத்துகூட மாறாத ஆவணம் ‘திருத்தப்பட்டது’ என்ற பழியைச் சுமக்கும். ஆங்கிலம் மட்டும் அறிந்த நிபுணருக்கு இது தோன்றாது. தமிழறிந்தவர் நீதிமன்றத்தில் எழுந்து சொன்னால்தான் உண்டு.

ஹாஷ் எடுக்காமலே இருந்துவிடலாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எடுக்க வேண்டும், முதல் நிமிடத்திலேயே எடுக்க வேண்டும். கடற்கரையில் கைப்பற்றும்போது மகஜர் எழுதுகிறார்கள், சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். வீடியோ முடிந்ததும் அங்கேயே எஸ்.எச்.ஏ.256 எடுத்து, 64 இலக்கத்தையும் மகஜரில் மையால் எழுதி, சாட்சிகளின் கையெழுத்துக்கு மேலே வைத்து, ஒரு நகலைப் பிடிபட்டவர் கையில் அப்போதே கொடுத்தால், அந்த எண்ணுக்கு ஓர் அர்த்தம் வரும். அதன் பிறகு காவல் நிலையத்திலோ ஆய்வகத்திலோ யார் என்ன செய்தாலும், எதிர்த் தரப்பின் கையில் இருக்கும் காகிதத்தை அவரால் மாற்ற முடியாது. மூன்று மாதம் கழித்துக் குற்றப்பத்திரிகை தயாராகும்போது எடுக்கும் எண்ணுக்கு இந்த வலு கிடையாது. மீனவர் பக்கமும் இதே விதிதான். கரைக்கு வந்ததும் மூல வீடியோவுக்கு ஹாஷ் எடுத்து, புகார் மனுவிலேயே எழுதி, ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். போனில் இருக்கும் மூலத்தை அழிக்கக் கூடாது.

குறுக்கு விசாரணையில் எழுகிற வக்கீல், “எண் பொருந்துகிறதா?” என்ற கேள்வியோடு உட்கார்ந்துவிட வேண்டாம். முதல் எண்ணை எடுத்தது யார், எந்தத் தேதியில், எந்தக் கருவியில்? பதிவு உருவானதற்கும் அந்த நேரத்துக்கும் இடையே கோப்பு யார் வசம் இருந்தது? எண்ணை எங்கே எழுதி வைத்தீர்கள், அதே பென்டிரைவிலா, வேறிடத்திலா? எந்த மென்பொருளால் எடுத்தீர்கள், அது கோப்பைக் கடைசி பைட் வரை படித்ததா? கோப்பின் அளவு எத்தனை பைட், கணக்கில் வந்தது எத்தனை பைட்? இந்த ஐந்துக்கும் விடை இல்லாத சான்றிதழில் இருக்கும் 64 இலக்கத்தை ஏற்கக் கூடாது என்று வாதாட வேண்டும். படிவத்தைத் திருத்துகிறவர்கள், ஹாஷ் எடுத்த நேரத்துக்கும், கணக்கில் வந்த பைட்டுகளின் எண்ணிக்கைக்கும், அதை முதலில் பதிந்த ஆவணத்துக்குமாக மூன்று கோடுகள் கூடுதலாகப் போட வேண்டும், எம்.டி.5-ஐயும் எஸ்.எச்.ஏ.1-ஐயும் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும்.